டெல்லி ராம்சந்தரின் கணக்குப் புத்தகம்

1859-ல் லண்டனில் டபிள்யூ.எச். ஆலன் கம்பெனி வெளியிட்ட ஒரு கணக்குப் புத்தகத்தின் முகப்பில் மூன்று தரப்பு சேர்ந்து நிற்கிறது. எழுதியவர், டெல்லிக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராக இருந்த ராம்சந்தர். மறுபதிப்புக்கு உத்தரவிட்டது, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் சபை. அச்சு வேலையைப் பார்த்துக்கொண்டவர், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கன். பானிபட்டில் பிறந்து சிறு வயதிலேயே தகப்பனை இழந்த ஒருவர், நம் மதுரையில் பிறந்த ஓர் ஆங்கிலேயர், அந்தப் புத்தகம் கடைக்கு வருவதற்குள் ஆட்சியையே பறிகொடுத்துவிட்ட ஒரு கம்பெனி. மூவரையும் ஒரு தாளில் கொண்டுவந்து சேர்த்தது, பெரும மதிப்பையும் சிறும மதிப்பையும் இயற்கணிதத்தாலேயே கண்டுபிடிக்கலாம் என்ற ஒரு யோசனை.

டெல்லி கிறிஸ்தவர்களுக்கு இவர் யேசுதாஸ் ராம்சந்தர். உருது உலகத்துக்கு மாஸ்டர் ராம்சந்தர். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனைச் சொன்னதும் நமக்கு நாசரேத்தும் இடையன்குடியும் கால்டுவெல் ஐயரும் நினைவுக்கு வருவார்கள். அதே மிஷன் டெல்லியில் கால் ஊன்றிய நாளில் முதலில் வந்து நின்றவர்களில் ஒருவர் இவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மதமாற்றத்தில் தொடங்குவது வழக்கம். நான் அவருடைய புத்தகத்தின் பின்னாலேயே போகிறேன். அது போன வழியெல்லாம் அவருடைய வாழ்க்கையும் கூடவே வருகிறது.

ராம்சந்தர் 1821-ல் காயஸ்தர் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் வருவாய்த்துறை உத்தியோகஸ்தர். அவர் இறந்தபோது பையனுக்கு ஏறக்குறைய பத்து வயது. ஆறு ஆண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாயார் தனியே நின்றார். பதினோரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண் வசதியான வீட்டுப் பெண். அவர் காது கேளாதவர், வாய் பேசாதவர் என்பது பிறகுதான் தெரியவந்தது. 1833-ல் டெல்லி ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கணக்குப் பெரிதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிடைத்த புத்தகங்களை வீட்டில் வைத்துத் தானாகவே படித்தார். நடுவில் படிப்பை விட்டுக் குமாஸ்தா வேலைக்குப் போனார். பிறகு உதவித்தொகை கிடைத்து மறுபடி படிக்க வந்தார். 1844-ல் டெல்லிக் கல்லூரியின் கீழ்த்திசைப் பிரிவில் ஐரோப்பிய அறிவியலை உருது மொழியில் கற்பிக்கும் ஆசிரியரானார்.

அந்தக் கல்லூரியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். உருதுவில் அறிவியல் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று மற்றவர்கள் சந்தேகப்பட்ட காலத்தில், சொல்லிக்கொடுத்தே காட்டிய இடம் அது. முதல்வர் பூத்ரோவும் அவருக்குப் பின் வந்த ஸ்பிரெங்கரும் மொழிபெயர்ப்புச் சங்கம் ஒன்றை நடத்தினார்கள். இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம் என்று பாடப் புத்தகங்களை ராம்சந்தர் உருதுவில் எழுதிக் கொடுத்தார். 1845-லிருந்து பத்திரிகையும் நடத்தினார். காஷ்மீரி கேட் பக்கம், ஒரு காலத்தில் முகலாய இளவரசர் தாரா ஷுகோவின் நூலகமாக இருந்த கட்டடத்தில் வகுப்புகள் நடந்தன. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ராணுவ அதிகாரி ஸ்கின்னர் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் ஆலயம். இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில்தான் இவருடைய வாழ்க்கையின் திருப்பங்கள் பெரும்பாலும் நடந்தன.

புத்தகம் பிறந்தது வகுப்பறைத் தேவையால். நம் நாட்டுப் பையனுக்கு இயற்கணிதம் அந்நியம் கிடையாது. பாஸ்கரரின் பீஜகணிதம் இருந்த மண் இது. ஆனால் நியூட்டனும் லைப்னிட்சும் கொண்டுவந்த நுண்கணிதம் அவனுக்குப் புதிது. தெரிந்ததன் வழியாகத் தெரியாததற்கு அழைத்துப்போனால் என்ன என்று ராம்சந்தர் யோசித்தார். அறிவியல் வரலாற்றாசிரியர்கள் துருவ் ரைனாவும் எஸ். இர்ஃபான் ஹபீபும் இந்தப் புத்தகத்தை ஆராய்ந்து, அதன் நோக்கம் இதுதான் என்று வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

முறையைக் காட்ட எளிய கணக்கு ஒன்றை நானே எடுத்துக்கொள்கிறேன். பத்தை இரண்டு பங்காகப் பிரிக்கவேண்டும். இரண்டு பங்கையும் பெருக்கினால் வரும் தொகை ஆகப் பெரியதாக இருக்கவேண்டும். 1, 9 என்று பிரித்தால் 9 வரும். 2, 8 என்றால் 16. 4, 6 என்றால் 24. கல்லூரியில் படித்தவர் உடனே வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தி விடை சொல்வார். ராம்சந்தர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு பங்கு க என்றால் மற்றது 10 − க. பெருக்குத்தொகையை ப என்று வைத்துக்கொண்டால் க² − 10க + ப = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. அதைத் தீர்த்தால் க = 5 ± √(25 − ப). இப்போது வர்க்கமூலத்துக்குள் பாருங்கள். ப 25-ஐத் தாண்டினால் உள்ளே குறை எண் வந்துவிடும், க மெய்யெண்ணாக இருக்காது. ஆகவே ப ஏறக்கூடிய உச்சம் 25. அப்போது க 5. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, இருபடியிலிருந்து முப்படி, அதற்கும் மேலே என்று கடினமான வடிவியல் கணக்குகள் வரை அவர் கொண்டுபோகிறார். சில இடங்களில் வழி சுற்றுவழிதான். ஆனால் ஒவ்வோர் அடியும் மாணவன் கண்ணுக்குத் தெரிகிற அடி.

1850-ல் கல்கத்தாவில் சொந்தக் காசைப் போட்டு அச்சிட்டார். சம்பளக்கார ஆசிரியருக்கு அது சின்னத் தொகையாக இருந்திருக்காது. கல்கத்தா விமர்சகர்கள் நல்ல வார்த்தை சொல்லவில்லை. நுண்கணிதத்தால் இரண்டு வரியில் முடிகிற வேலைக்கு இத்தனை பக்கமா என்பது அவர்கள் பார்வை. ராம்சந்தர் பத்திரிகையில் பதில் எழுதினார். புத்தகம் அதோடு முடிந்திருக்கவேண்டியது. அதைக் கைதூக்கி விட்டவர் ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெதூன். கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையில் சட்ட உறுப்பினர். கல்கத்தாவில் பெண்கள் படிக்க 1849-ல் பள்ளி திறந்தவர். அவர் பிரதிகளை வாங்கிக்கொண்டு, ஒன்றை லண்டனிலிருந்த தன் நண்பர் டி மார்கனுக்கு அனுப்பினார். 1851 ஆகஸ்டில் பெதூன் காலமானார். தான் அனுப்பியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை.

டி மார்கன் 1806-ல் மதுரையில் பிறந்தவர். தகப்பனார் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. பிறந்த கொஞ்ச நாளில் ஒரு கண்ணில் பார்வை போயிற்று. கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவே இல்லை. கேம்பிரிட்ஜில் எம்.ஏ. பட்டம் வேண்டுமானால் இங்கிலாந்து திருச்சபையின் விசுவாசப் பிரமாணங்களுக்குக் கையெழுத்திடவேண்டும் என்ற விதி இருந்தது. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று பட்டத்தையே வேண்டாமென்று விட்டவர். இன்று தர்க்கவியல் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் இவர் பெயரிலுள்ள விதிகளைப் படிக்கிறான். டெல்லியிலிருந்து வந்த புத்தகத்தில் அவர் பார்த்தது, இந்தியாவில் அறுந்துபோனதாக எல்லோரும் நினைத்திருந்த ஒரு கணித மரபு மறுபடி மூச்சு விடுவதை. 1856-ல் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார்: இந்த மனிதரைக் கௌரவியுங்கள், இந்தப் புத்தகத்தை இங்கே அச்சிடுங்கள்.

புத்தகம் லண்டனில் காத்துக்கிடந்த அந்த ஆண்டுகளில் எழுதியவர் வேறு ஆளாகியிருந்தார். படித்த ஆங்கிலேயர் யாரும் உள்ளூர மதத்தை நம்புவதில்லை என்பது ராம்சந்தரின் பழைய எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கிற மனநிலையில் செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்துக்குள் போனார். அறிவாளிகள் என்று அவர் மதித்த ஆட்கள் முழங்காற்படியிட்டு உருக்கமாக ஜெபிப்பதைப் பார்த்தார். அங்கே அவருடைய எண்ணம் ஆட்டம் கண்டது. வேதாகமத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். 1852 ஜூலை 11, ஞாயிறு, அதே ஆலயத்தில் அவரும் நண்பர் டாக்டர் சிம்மன் லாலும் ஞானஸ்நானம் பெற்றார்கள். டெல்லி கொந்தளித்தது. பெற்றோர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார்கள். சிம்மன் லால் அரண்மனை வைத்தியர்களில் ஒருவர். அவரை நீக்கவேண்டும் என்று முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரிடம் கேட்டார்கள். வைத்தியரின் விசுவாசம் அவருடைய சொந்த விஷயம் என்று சொல்லி மன்னர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ராம்சந்தரின் பிற்காலச் சமய விவாத நூல்களிலுள்ள காரத்தைவிட மன்னரின் அந்தப் பதில் என் மனதுக்கு நெருக்கமானது.

1857 மே 11. கலகம் செய்த சிப்பாய்கள் டெல்லிக்குள் வந்த முதல் நாளே சிம்மன் லால் கொல்லப்பட்டார். ஞானஸ்நானம் கொடுத்த ஜென்னிங்ஸ் ஐயர், கல்லூரி முதல்வர் டெய்லர், மிஷனின் ஹப்பர்ட் ஐயர் எல்லோரும் இறந்தார்கள். கல்லூரி நூலகம் சூறையாடப்பட்டது. ராம்சந்தர் ஒளிந்திருந்து, வேடம் மாற்றி நகரைவிட்டுத் தப்பி, கிராமத்தில் அடைக்கலம் புகுந்து, கடைசியில் ரிட்ஜ் மேட்டிலிருந்த ஆங்கிலேய முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் அதிகம் பேர் அறியவேண்டும். நகரம் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அவர் அரசாங்க வேலையில், மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அப்போது அவர் வீட்டின் மேல் அக்கம்பக்கத்து ஆங்கிலேய அதிகாரிகள் மண்ணுருண்டைகளை வீசினார்கள். தெருவில் ஓர் அதிகாரி குதிரை மேலிருந்து தடியால் அவர் தலையில் அடித்தார். நான் கிறிஸ்தவன், அரசாங்க ஊழியன் என்று சொன்னதற்கும் பலன் இல்லை. டெல்லியின் ராணுவ கவர்னர் கர்னல் பர்னுக்கு ராம்சந்தர் புகார் எழுதினார். கலகக்காரர்கள் கையில் சாக நேர்ந்திருந்தால் விசுவாசத்துக்காகச் சாகிறோம் என்ற ஆறுதல் இருந்திருக்கும். சக கிறிஸ்தவர்கள் கையால் அடிபடும்போது எந்த ஆறுதலைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். நண்பனைப் பறிகொடுத்து, நூலகத்தைப் பறிகொடுத்து, உயிர் பிழைத்து வந்த ஓர் ஆசிரியர் எழுதிய வார்த்தைகள். அவர் விசுவாசத்தை விடவில்லை. அடியை மறைக்கவும் இல்லை. அவரைக் கௌரவிக்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

லண்டனில் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்து உருப்படி கொண்ட கில்லத் என்ற கௌரவ உடையும் 2,000 ரூபாயும் ராம்சந்தருக்கு வெகுமதியாக ஒதுக்கப்பட்டன. மறுபதிப்புக்கும் அனுமதி கிடைத்தது. 1858-ல் இந்திய ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணிக்குப் போனது. ஆக, உத்தரவு போட்ட சபை ஆட்சியிலிருந்து இறங்கிய பிறகுதான் புத்தகம் வெளிவந்தது. அதே 1858-ல் ராம்சந்தர் முதலில் ரூர்க்கி பொறியியல் கல்லூரியிலும், பிறகு புதிதாகத் திறந்த டெல்லி ஜில்லா பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் வேலை பார்த்தார்.

டி மார்கன் புத்தகத்துக்கு நீண்ட முன்னுரை எழுதினார். பீஜகணித மரபைப் பற்றிய அவருடைய கருத்தோடு, ராம்சந்தர் தன்னைப் பற்றி எழுதி அனுப்பிய குறிப்பும் அதில் இருக்கிறது. வறுமை, சுயப்படிப்பு, ஆலயத்தில் கண்ட காட்சி, ஞானஸ்நானம் எல்லாம் அதில் வருகின்றன. ஒரு விசுவாசியின் சாட்சி கணக்குப் புத்தகத்தின் முன்னுரையில் ஏறி ஐரோப்பாவுக்குப் போன சம்பவம் இதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. அதை அச்சிட்டுக் கொடுத்தவரோ, திருச்சபையின் பிரமாணங்களுக்குக் கையெழுத்துப் போட மறுத்தவர்.

புத்தகம் பலித்ததா? டி மார்கன் எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை. இங்கிலாந்தின் வகுப்பறைகள் நுண்கணிதத்தை நுண்கணிதமாகவே கற்பித்தன. இந்தியாவில் உருது வழி அறிவியல் 1857-க்குப் பிறகு தன் வலுவை இழந்தது. 1863-ல் வகைநுண்கணிதம் பற்றி ராம்சந்தர் இன்னொரு புத்தகம் எழுதினார். அதற்கு ஒரு பெதூன் அமையவில்லை. ராமானுஜனுக்கு 1913-ல் ஹார்டி கிடைத்தார், கூட உட்கார்ந்து வேலை செய்தார். ராம்சந்தரும் டி மார்கனும் நேரில் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

ஆனால் அவரிடம் படித்தவர்கள் பலித்தார்கள். உருது நாவலின் முன்னோடி நசீர் அகமது, உருதுக் கவிதை வரலாற்றை எழுதிய முகமது உசேன் ஆசாத், இருவரும் அந்த வகுப்பறையின் பிள்ளைகள். இன்னொரு மாணவர் தாராசந்த் குருத்துவம் பெற்று மிஷனில் ஊழியம் செய்தார். எல்லோரிலும் வாத்தியாருக்கு மிகவும் பிடித்த மாணவர் மௌல்வி ஜகாவுல்லா. பன்னிரண்டு வயதில் கல்லூரிக்கு வந்த அந்தப் பையன் கடைசிவரை உறுதியான முஸ்லிமாகவே இருந்தார். வாத்தியாரின் மதமாற்றம் அவர்களுடைய பாசத்தைக் கெடுக்கவில்லை. கணிதப் புத்தகங்களை உருதுவில் கொண்டுவரும் வேலையை ஜகாவுல்லா தன் தோளில் ஏற்றுக்கொண்டார்; அலகாபாத் மியூர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

ராம்சந்தர் உடல்நிலை காரணமாக 1866-ல் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பாட்டியாலா இளவரசருக்கு ஆசிரியராக இருந்து, பிறகு அந்த சமஸ்தானத்தின் கல்வித்துறைக்குத் தலைவரானார். 1880 ஆகஸ்ட் 11-ல் இறந்தார். டெல்லிக் கல்லூரியை 1877-லேயே மூடிவிட்டார்கள். 1881 பிப்ரவரி 1-ல், சாந்தினி சௌக் பக்கம் கினாரி பஜாரில் ஒரு வீட்டில், ஐந்து மாணவர்களோடு டெல்லி மிஷனின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி தொடங்கியது. இன்னும் ஆறு மாதம் உயிரோடு இருந்திருந்தால் அந்த முதல் நாளை ராம்சந்தரும் பார்த்திருப்பார்.

1902-ல் எட்வின் ஜேக்கப் என்பவர் பேராசிரியர் யேசுதாஸ் ராம்சந்தரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். கான்பூர் மிஷன் அச்சகம் வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து செயின்ட் ஸ்டீபன்ஸுக்கு வேலைக்கு வந்த சி.எஃப். ஆண்ட்ரூஸ், முதுமையிலிருந்த ஜகாவுல்லாவோடு நெருங்கிப் பழகினார். ஜகாவுல்லா 1910-ல் காலமானார். பின்னாளில் தீனபந்து என்று நாடு அறிந்த ஆண்ட்ரூஸ் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் 1929-ல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. அதில் ராம்சந்தரும் இருக்கிறார். கிறிஸ்தவ வாத்தியாரை முஸ்லிம் மாணவர் நினைவில் வைத்திருந்து, இன்னொரு கிறிஸ்தவர் கையில் ஒப்படைத்தார்.

தாரா ஷுகோ நூலகக் கட்டடத்தில் இப்போது பிரிவினை அருங்காட்சியகம் இருக்கிறது. டெல்லி போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்துக்கும் போய் வாருங்கள்.

நம் ஊர்க் கணக்கு ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி பத்தாம் வகுப்பிலும், பெருமமும் சிறுமமும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு பீரியடை ராம்சந்தருக்குக் கொடுங்கள். பத்தை இரண்டாகப் பிரிக்கும் கணக்கை அவர் வழியில் கரும்பலகையில் போட்டுக் காட்டி, யாருடைய முறை என்று பெயரைச் சொல்லுங்கள். லண்டன் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டி மார்கனின் முன்னுரையும் அதிலேயே இருக்கிறது.